குளிர்கால மனச்சோர்வு: வெளிச்ச விளக்கு உதவுமா?

கேள்வி: யாழ்ப்பாணத்திலிருந்து ரொறன்ரோவின் ஸ்காபரோவுக்கு வந்து இது நான்காவது குளிர்காலம். நவம்பர் பிறந்ததும் நான் விழுந்துவிடுகிறேன். பத்து மணித்தியாலம் படுத்தாலும் தூக்கம் தீர்வதில்லை. பாணும் இனிப்பும் தேடித் தேடிச் சாப்பிடுகிறேன். அம்மா அழைத்தால்கூடப் பேச மனம் வருவதில்லை. ஏப்ரலில் எல்லாம் சரியாகிவிடும். காலை 6:30 க்கு வேலைக்குப் போனால் மாலை 5 மணிக்குத்தான் வீடு. "எல்லாருக்கும்தானே குளிர்" என்கிறார் கணவர். சில நாள், இருந்து என்ன பயன் என்றும் தோன்றுகிறது. வெளிச்ச விளக்கு வாங்கலாமா?

பதில்: விளக்கைப் பற்றிப் பேசுமுன், "இருந்து என்ன பயன்" என்று நீங்கள் எழுதியதைப் பேசவேண்டும். அந்த எண்ணம் வருவதை இந்த வாரமே குடும்ப வைத்தியரிடம் இதே சொற்களில் சொல்லுங்கள். உயிரை விடும் யோசனையாக அது மாறினால் ஒரு இரவுகூடக் காத்திருக்க வேண்டாம். கனடாவில் 988 என்ற தற்கொலைத் தடுப்பு உதவி எண்ணுக்கு எந்த நேரமும் அழைக்கலாம், குறுஞ்செய்தியும் அனுப்பலாம்.

உங்கள் கணவர் குளிரைச் சொல்கிறார். உங்களை வருத்துவது இருட்டு. யாழ்ப்பாணத்தில் ஆண்டின் மிகக் குறுகிய பகல்கூட ஏறக்குறைய பதினொன்றரை மணித்தியாலம். ரொறன்ரோவில் ஜூனில் பதினைந்தரை மணித்தியாலம் இருக்கும் பகல், டிசம்பர் 21 அளவில் ஒன்பதாகச் சுருங்குகிறது. அந்த நாட்களில் சூரியன் உதிப்பது 7:45 ஐத் தாண்டி, மறைவது 4:45 க்குள். அப்படியென்றால் வேலை நாட்களில் நீங்கள் வீட்டிலிருந்து வெயிலையே காண்பதில்லை. காலை வெளிச்சம் கண்ணில் படும்போதுதான் உடம்பின் உள்கடிகாரம் 'விடிந்துவிட்டது' என்று தன்னைச் சரிசெய்துகொள்கிறது. அது கிடைக்காதபோது பலருக்கு அந்தக் கடிகாரம் பிந்திப்போகிறது. நீங்கள் எழுந்து நடமாடினாலும் உடம்புக்கு இன்னும் இரவுதான்.

இதற்குப் பருவகால மனச்சோர்வு என்று பெயர். 1984 இல் இதை விவரித்து எழுதியவர்களில் முதன்மையானவர் மனநல வைத்தியர் நோர்மன் ரோசென்தால். அவரும் தென்னாபிரிக்க வெயிலிலிருந்து அமெரிக்காவுக்குப் புலம்பெயர்ந்து, குளிர்காலத்தில் தன் உற்சாகம் குறைவதைக் கவனித்தவர். சாதாரண மனச்சோர்வில் பலருக்குத் தூக்கமும் பசியும் போய்விடும். இதிலோ, நீங்கள் எழுதியதுபோல, இரண்டும் கூடும். உங்களுக்கு ஆண்டுதோறும் ஒரே காலத்தில் வந்து ஒரே காலத்தில் போகிறது. வைத்தியர்கள் தேடும் அடையாளமும் அதுதான். சோம்பல் என்றால் ஏப்ரலில் தானாகப் போய்விடுமா? இந்தப் பத்தியைக் கணவருக்கு வாசித்துக் காட்டுங்கள்.

சரி, விளக்கு. உங்களுக்குக் கிடைக்காத காலை வெளிச்சத்துக்குப் பதிலாக முன்னால் வைக்கும் பிரகாசமான விளக்கு இது. வாங்கலாம். ஆனால் அதை மருந்துபோல அளவோடு பாவிக்கவேண்டும். 10,000 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) தருவது, புற ஊதாக் கதிரைத் தடுப்பது என்று பார்த்து வாங்குங்கள். எத்தனை சென்ரிமீற்றர் தூரத்தில் அந்த 10,000 கிடைக்கும் என்பதையும் பாருங்கள். சில சின்ன விளக்குகளில் முகத்தை ஒட்டிவைத்தால்தான் அந்த அளவு வரும். காலை எழுந்த உடனே, உங்கள் நேரத்துக்கு 5:45 அளவில், அரை மணித்தியாலம். முன்னால் இருந்து தேத்தண்ணீர் குடிக்கலாம், சாப்பிடலாம். கண் திறந்திருக்கவேண்டும், விளக்கையே உற்றுப் பார்க்கவேண்டியதில்லை. மாலையில் போடாதீர்கள், தூக்கம் கெடும். பலருக்கு ஒன்றிரண்டு வாரத்தில் மாற்றம் தெரியும். தெரிந்ததும் நிறுத்தினால் சோர்வு திரும்பிவிடும், அதனால் வசந்தம் வரை தொடருங்கள்.

வாங்குமுன் வைத்தியரிடம் சில விடயங்களைச் சொல்லவேண்டும். நீரிழிவால் விழித்திரை பாதிப்பு இருக்கிறதா, வெளிச்சம் ஒத்துக்கொள்ளாமல் செய்யும் மருந்து எதுவும் எடுக்கிறீர்களா? எப்போதாவது தூக்கமே தேவைப்படாமல் அளவுமீறிய உற்சாகத்தில் பல நாட்கள் இருந்திருக்கிறீர்களா? சோர்வும் அளவுமீறிய உற்சாகமும் மாறி மாறி வரும் இருமுனை மனநோய் உள்ளவர்களுக்கு இந்த விளக்கு அந்த உற்சாகத்தைத் தூண்டிவிடக்கூடும்.

விற்றமின் டி பற்றியும் பலர் சொல்லியிருப்பார்கள். குறைவாக இருந்தால் எலும்புக்காக எடுக்கத்தான் வேண்டும். ஆனால் இந்தச் சோர்வை அது தீர்க்கும் என்பதற்கு உறுதியான ஆதாரம் இல்லை. மத்தியான இடைவேளையில் பத்து நிமிடம் வெளியே நடப்பது அதைவிட நல்லது. மூட்டமான வானம்கூட வேலைத்தல விளக்குகளைவிடப் பல மடங்கு வெளிச்சம் தரும்.

விளக்கு போதாவிட்டால் வேறு வழிகளும் உண்டு. மனச்சோர்வு மாத்திரைகள் உதவும். மனநல ஆலோசகரோடு பேசி எண்ணங்களையும் பழக்கங்களையும் மாற்றும், இதற்கென்றே வடிவமைத்த பேச்சுச் சிகிச்சையும் இருக்கிறது. அமெரிக்காவின் வெர்மொண்ட் பல்கலைக்கழகத்தின் கெல்லி ரோஹன் குழு 2016 இல் வெளியிட்ட ஆய்வில், இரண்டு குளிர்காலம் கழித்துப் பார்த்தபோது, விளக்கு பெற்றவர்களைவிடப் பேச்சுச் சிகிச்சை பெற்றவர்களுக்குச் சோர்வு திரும்பியது குறைவு. என்னைக் கேட்டால், நான்கு வருடமாகத் தொடரும் உங்களுக்கு விளக்கு, பேச்சுச் சிகிச்சை இரண்டையும் பற்றி வைத்தியரிடம் கேட்கச் சொல்வேன்.

அப்புறம், அடுத்த முறை நவம்பரில் விழும்வரை காத்திருக்காதீர்கள். குளிர்காலத்துக்காக மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் பின்னுக்கு வைக்குமுன், அக்டோபர் தொடக்கத்திலேயே விளக்கை மேசையில் எடுத்து வையுங்கள்.