அமெரிக்கப் பழமைவாதிகள் பெருநகரங்களை ஏன் இவ்வளவு குறை சொல்கிறார்கள்?

அமெரிக்காவில் பழமைவாதிகள் என்றால் குறைந்த வரி, சிறிய அரசாங்கம், குடும்பம், மதம், துப்பாக்கி உரிமை என்று பேசுபவர்கள். பெரும்பாலும் குடியரசுக் கட்சிக்கு வாக்களிப்பவர்கள்.

பெருநகரங்களைப் பற்றிய அவர்களுடைய முக்கியப் புகார், அங்கே ஒரே கட்சிதான், அதாவது எதிர்க்கட்சியான ஜனநாயகக் கட்சிதான், ஆள்கிறது என்பது. சிகாகோவில் 1931-க்குப் பிறகு குடியரசுக் கட்சி மேயரே கிடையாது. பிலடெல்பியாவில் 1952 முதல் ஜனநாயகக் கட்சிதான். ஊரில் ஒரே மளிகைக் கடை இருந்தால், புழுத்த பருப்பைக் கொடுத்தாலும் வாங்கித்தானே ஆக வேண்டும்? வாடகை ஏறினாலும், குற்றம் பெருகினாலும், பள்ளிகள் சரிந்தாலும் பதவி போய்விடும் என்ற பயம் ஆள்பவர்களுக்கு இல்லை என்கிறார்கள். இதில் நியாயம் இருக்கிறது என்றே நினைக்கிறேன். ஆனால் எல்லாப் பழியையும் கட்சி மேல் போட முடியாது. சான்பிரான்சிஸ்கோவில் வாடகை எகிறியதற்கு, பல பகுதிகளில் அடுக்குமாடி கட்டவிடாத விதிகள் ஒரு பெரிய காரணம். சரி, அதே மாதிரி விதிகள் குடியரசுக் கட்சிக்கு வாக்களிக்கும் புறநகர்களிலும் உண்டே!

அப்புறம், நகரங்களில் பழமைவாதிகளே இல்லை என்று பலர் நினைப்பது தவறு. 2020 அதிபர் தேர்தலில் லாஸ் ஏஞ்சலிஸ் கவுண்டியில் (நம்மூர் மாவட்டம் மாதிரி) மட்டும் குடியரசுக் கட்சியின் டிரம்புக்கு 11 லட்சத்துக்கும் மேல் வாக்குகள் விழுந்தன. ஓக்லஹோமா மாநிலம் முழுவதும் அவருக்குக் கிடைத்ததைவிட அதிகம்.