ஆபரேட்டர் பதில்கள்: வைத்திக்கே என் ஓட்டு

(குண்டடம், மூலனூர் பக்கத்து டூரிங் டாக்கீஸ்களில் படம் ஓட்டியவர் வாசகர்களின் சினிமாக் கேள்விகளுக்குப் பதில் சொல்லும் பகுதி. இந்த இதழ் முழுக்க நாகேஷ்.)

நாகேஷ் எங்கள் ஊர்க்காரர். அவர் நடித்ததில் உங்களுக்குப் பிடித்த படம் எது? 'எல்லாமே பிடிக்கும்' என்று நழுவக் கூடாது. ஒன்றே ஒன்று சொல்லுங்கள்.
– ஓய்வுபெற்ற ஆசிரியர், தாராபுரம்

வாத்தியார் ஐயா, கையைக் கட்டிக்கொண்டு பதில் சொல்கிறேன்: 'தில்லானா மோகனாம்பாள்'. அதில் வரும் சவடால் வைத்தி.

அது சிவாஜி, பத்மினி படமாயிற்றே என்று நீங்கள் பிரம்பை எடுப்பதற்குள் என் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். டூரிங் டாக்கீஸ் ஆபரேட்டருக்குப் படத்தை நிம்மதியாகப் பார்க்கும் யோகம் கிடையாது. புரொஜெக்டருக்கு வெளிச்சம் தரும் கார்பன் குச்சி எரிந்து தேயத் தேய அதை நெருக்கிக்கொண்டே இருக்க வேண்டும். கொஞ்சம் அசந்தால் திரை மங்கி, தரை டிக்கெட்டிலிருந்து விசில் பறக்கும். இரண்டு ரீலை ஒட்டி 2000 அடியாக ஓட்டினாலும் 22 நிமிடத்தில் தீர்ந்துவிடும். ஒரே புரொஜெக்டர் என்பதால் அடுத்ததை மாட்ட விளக்கைப் போட்டே ஆக வேண்டும். ஆகவே அறையின் ஓட்டை வழியாக நான் அதிகம் பார்த்தது கூட்டத்தைத்தான். எந்தக் காட்சியில் பீடி பிடிக்க எழுந்து போகிறார்கள், எந்தக் காட்சியில் முறுக்கு விற்கும் பையனையே அதட்டி உட்கார வைக்கிறார்கள் என்று கேளுங்கள், சொல்கிறேன்.

வைத்தி திரையில் இருக்கும்வரை ஒருவரும் எழுந்ததில்லை. நாதஸ்வரம் ஒலிக்கும்போதுகூட நாலு பேர் வெளியே போவார்கள். (வாசித்தவர்கள் மதுரை சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்கள். அதற்கு எழுந்து போனவர்களை நான் இன்னும் மன்னிக்கவில்லை.) வைத்தி வாயைத் திறந்தால் கூட்டம் சிரிக்கும்; சிரித்த வாயாலேயே திட்டும். பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு அமுச்சி தரை மணலை ஒரு கை அள்ளித் திரையைப் பார்த்து வீசியதை என் கண்ணால் பார்த்தேன். நம்பியாருக்குச் சாபம் விடுவார்கள், அது வழக்கம். ஒரு சிரிப்பு நடிகருக்கு மண்ணை வாரித் தூற்றியது நான் அறிந்து வைத்திக்கு மட்டும்தான்.

கண்ணபுரம் மாட்டுச் சந்தைக்குப் போனவர்களுக்கு வைத்தியை அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. துண்டுக்குள் கையை விட்டு விரலைப் பிடித்து விலை பேசும் தரகர் இருக்கிறாரே, விற்பவரிடம் ஒரு முகம், வாங்குபவரிடம் ஒரு முகம், திரும்பி நடக்கும்போது தனக்கென்று மூன்றாவதாக ஒரு முகம். நாகேஷ் அந்த மூன்றாவது முகத்தையும் நமக்குக் காட்டினார். மைனரிடம் குழைவார், மோகனாவின் தாய் வடிவாம்பாளிடம் ஆசை காட்டுவார், இருவரும் நகர்ந்ததும் அவர் முதுகெலும்பு நிமிர்வதைப் பாருங்கள். பணம் இருக்கும் இடத்தில் வளைவதும் இல்லாத இடத்தில் நிமிர்வதும் அந்த ஒல்லி உடம்பில் அப்படியே எழுதியிருக்கும். வசனத்தை நிறுத்திவிட்டு ஓட்டினாலும் புரியும். சவுண்ட் பாக்ஸ் மக்கர் செய்த ஒரு ராத்திரி அப்படியும் ஓட்டினோம். கூட்டம் அந்தக் காட்சிக்கு மட்டும் சத்தம் போடாமல் இருந்தது.

இன்னொன்று. நாகேஷின் புகழ்பெற்ற வேடங்களில் பாதி நம்மிடம் இரக்கம் கேட்கும். தருமி கேட்பார், சர்வர் சுந்தரம் கேட்பார், 'எதிர்நீச்சல்' மாது கேட்பார். வைத்தி யாரிடமும் எதையும் கேட்பதில்லை. அவனுக்கு வறுமைக் கதை இல்லை, நோயாளித் தாய் இல்லை, திருந்துகிறேன் என்று அழும் காட்சி இல்லை. பெண்ணை விலை பேசுபவனைப் பார்த்து நாம் சிரித்துவிடுகிறோம், சிரித்த பிறகு நமக்கே கூசுகிறது. இந்தக் கூச்சத்தை வரவழைத்த நகைச்சுவை நடிகர் தமிழில் வேறு யார் என்று யோசித்துப் பார்த்தேன். எனக்கு ஆள் அகப்படவில்லை.

ஊர்ப் பெருமையும் கொஞ்சம் பேசிக்கொள்வோம். கதை தஞ்சாவூர்ச் சீமைக் கதை. ஆனந்த விகடனில் கொத்தமங்கலம் சுப்பு எழுதியது. படமாக எடுத்த ஏ.பி.நாகராஜன் சங்ககிரி பக்கம் அக்கம்மாபேட்டைக்காரர். வைத்தியாக நடித்தவர் உங்கள் அமராவதித் தண்ணீர் குடித்து வளர்ந்தவர். காவிரிக் கரைச் சவடாலை நம் ஊர்க்காரர்கள் இரண்டு பேர் சேர்ந்து காட்டினார்கள். 'திருவிளையாடல்' படத்திலும் இதே கூட்டணிதான். நாகராஜன் அதில் இயக்கியதோடு நிற்காமல் நக்கீரராகவும் வந்து தருமியின் பாட்டில் குற்றம் கண்டுபிடித்தார்.

தருமியை விட்டுவிட்டு வைத்திக்கு ஓட்டா? மண்டபத்தில் தனியாகப் புலம்பும் காட்சிக்கு ஈடு உண்டா?
– ஜவுளிக்கடை ஊழியர், ஈரோடு

ஈடு இல்லை. ஆனால் கேட்கப்பட்டது படம், நீங்கள் சொல்வது காட்சி. 1965-இல் வந்த அந்தப் படத்தில் தருமி ஒரு விருந்தாளி. சில நிமிடம் வந்து, ஆயிரம் பொன்னுக்கு ஏங்கி, வீட்டுக்காரரான சிவாஜியையே ஓரமாக உட்கார வைத்துவிட்டுப் போய்விடுவார். பிறகும் படம் அதுபாட்டுக்கு நடக்கும். வைத்தியைப் பிடுங்கினால் மோகனாம்பாள் கதை நகராது. காதலர்கள் இருவரும் ரோஷக்காரர்கள்; அவர்கள் கதையை முன்னே தள்ளிக்கொண்டு போகிறவன் அந்தத் தரகன்தான்.

'எதிர்நீச்சல்' மாதுவை நினைத்தால் என் அம்மா இன்றும் கண் கலங்குவார். இரக்கம் கேட்பது குற்றமா?
– வாசகி, பெருந்துறை

குற்றம் இல்லை அம்மணி. அம்மாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள்.

ஒரு வேடிக்கை பாருங்கள். மாதுவும் வைத்தியும் 1968 ஜூலையில், ஒரே மாதத்தில் திரைக்கு வந்தவர்கள். மாடிப்படிக்குக் கீழே படுத்து, குடியிருப்பவர்கள் வீட்டில் மிஞ்சியதைச் சாப்பிட்டு, அத்தனை பேருக்கும் எடுபிடி வேலை செய்து படிக்கும் அநாதை ஒரு தியேட்டரில். பெரிய மனிதர்களுக்குப் பெண் பிடித்துத் தரும் கயவன் இன்னொரு தியேட்டரில். உங்கள் அம்மா போன்றவர்கள் ஒரு வாரம் அழுதுவிட்டு, மறு வாரம் அதே முகத்தைத் திட்டியிருப்பார்கள்.

'எதிர்நீச்சல்' எனக்கு இரண்டாவது இடம். பாலசந்தர் நாடகத்திலிருந்து வந்தவர். படம் பெரும்பாலும் அந்த வீட்டுக்குள்ளேயே சுற்றும். மலை, ஆறு, குதிரை ஏதாவது வந்தால்தான் எங்கள் கூட்டத்துக்குக் காசு செரிக்கும். அப்படிப்பட்டவர்களை ஒரு மாடிப்படியடியில் கட்டிப்போட்டது நாகேஷின் ஓட்டம்தான். எல்லாக் கதவுகளுக்கும் ஓடி ஓடிப் பதில் சொல்லும் அந்த வேகத்தில் வீடு ஊர் அளவுக்குப் பெரிதாகத் தெரியும். அப்புறம் அதில் ஒரு தோழமையும் உண்டு. சென்னையில் வாய்ப்புத் தேடிய நாளில் நாகேஷோடு ஒரே அறையில் இருந்தவர்கள் கவிஞர் வாலியும் ஸ்ரீகாந்தும். அந்தப் படத்துக்குப் பாட்டு வாலி. கிட்டு மாமா ஸ்ரீகாந்த். வெற்றி வேண்டுமா என்று கேட்கும் பாட்டை யார் யாருக்காக எழுதினார் என்று தெரிந்து கேட்டால் சுவை கூடும்.

முதலிடம் கொடுக்காததற்குக் காரணம், மாதுவின் துன்பத்தை வசனம் பல இடங்களில் நமக்கு எடுத்துச் சொல்லிவிடுகிறது. நாகேஷுக்கு அந்தத் துணை தேவையே இல்லை.

பலரும் 'சர்வர் சுந்தரம்' என்பார்களே?
– பேக்கரிக்காரர், கரூர்

சொல்வார்கள், தப்பில்லை. கதை வசனம் பாலசந்தர், இயக்கம் கிருஷ்ணன்-பஞ்சு, 1964. ஹோட்டலில் டம்ளர்களை அடுக்கித் தூக்கிக்கொண்டு நடப்பதை இன்றைக்கும் யாராலும் நடித்துக் காட்ட முடியாது. பேக்கரிக்காரர் நீங்களே முயன்று பாருங்கள். பாட்டு ஆரம்பித்தால் பீடிக்குப் போகும் என் கூட்டம் எழுந்திருக்காத பாட்டும் அதில் உண்டு: 'அவளுக்கென்ன'. ஒலிப்பதிவுக் கூடத்தில் விஸ்வநாதன் கையை வீசுவதையும் சௌந்தரராஜன் மைக் முன்னால் நின்று பாடுவதையும் முதல்முறையாகக் கண்ட ஜனம் வாயைப் பிளந்து உட்கார்ந்திருந்தது. எனக்குக் குறையாகப் படுவது பின்பாதி. சுந்தரம் நட்சத்திரம் ஆன பிறகு நம்மை அழ வைக்கப் படம் கொஞ்சம் அதிகமாகவே பாடுபடுகிறது.

'காதலிக்க நேரமில்லை' ஆழியாறில் எடுத்தது. எங்கள் பக்கத்துப் படத்தை மறந்துவிட்டீர்களே?
– தென்னை விவசாயி, பொள்ளாச்சி

மறப்பேனா! அணை விருந்தினர் மாளிகையைக் கடக்கும் ஒவ்வொரு முறையும் பஸ்ஸில் யாராவது ஒருவர் கையை நீட்டிக் காட்டுகிறார். ஆனால் அதில் செல்லப்பாவாக நாகேஷ் சொல்லும் பேய்க்கதையில் பாதி மார்க், அப்பாவாக வரும் பாலையாவுக்குப் போகிறது. நாகேஷ் சத்தம் கொடுக்கிறார், பயம் முழுவதும் பாலையாவின் முகத்தில். என் கூட்டம் சிரித்தது பாலையாவைப் பார்த்து. நாகேஷ் அதைத் தெரிந்தே விட்டுக்கொடுத்தார் என்று நினைக்கிறேன். உங்கள் ஊருக்கு மூன்றாவது இடம், போதுமா?

நான் நாகேஷ் தாத்தாவை 'பஞ்சதந்திரம்' படத்தில்தான் பார்த்திருக்கிறேன். எங்கிருந்து தொடங்கலாம்?
– கல்லூரி மாணவி, கோவை

பின்னாலிருந்து முன்னால் போ கண்ணு. கறுப்பு வெள்ளைப் படம் என்றதும் கொட்டாவி விடும் வயது உனக்கு. முதலில் 'மைக்கேல் மதன காமராஜன்', 1990. முதலாளி பணத்தைக் கையாண்டுவிட்டு அகப்பட்டுக்கொள்ளும் ஆளுக்கு அவிநாசி என்று பெயர். நம் தேர்த் திருவிழா ஊர்ப் பெயரைப் போய் ஒரு கணக்குத் திருடனுக்கு வைத்தார்களே என்று எனக்குச் சிறு வருத்தம் உண்டு. அடுத்து 'அபூர்வ சகோதரர்கள்', 1989. அதில் கொலைகாரக் கும்பலில் ஒருவர், சிரிப்பே வராது. பிறகு 1994-இல் வந்த 'மகளிர் மட்டும்'. அதில் பிணம். மூச்சு விடக் கூடாது, கண் அசையக் கூடாது, மற்றவர்கள் தூக்கியும் தள்ளியும் சாய்த்தும் வைப்பார்கள். அந்த நிலையிலும் எல்லோரையும் தாண்டி நம் கண் அவர் மேல்தான் போகும். அதற்குப் பிறகு கறுப்பு வெள்ளைக்குப் போனால், அன்றைக்கு அந்த உடம்பு எப்படி ஓடியது என்று நீயே வியப்பாய்.

'நீர்க்குமிழி'யைக் கடைசியில் வை. 1965-இல் பாலசந்தர் இயக்கிய முதல் படம், முழுக்க ஆஸ்பத்திரி. பரீட்சை நேரத்தில் மட்டும் பார்க்காதே.

தேசிய விருது அவருக்கு எந்தப் படத்துக்குக் கிடைத்தது?
– வாசகர், நாமக்கல்

'நம்மவர்', 1994. சேதுமாதவன் இயக்கியது. மகளைப் பறிகொடுத்த பேராசிரியர் வேடம். சிறந்த துணை நடிகர் விருது. வைத்தி நடித்து 26 ஆண்டுகள் கழித்து! 2009 ஜனவரி 31-இல் அவர் இறந்தபோது பத்மஸ்ரீகூடக் கிடையாது. இதற்கு மேல் எழுதினால் ஆசிரியர் வெட்டிவிடுவார்.

நாகேஷா, கவுண்டமணியா? உண்மையைச் சொல்லவும்.
– பஸ் கண்டக்டர், உடுமலைப்பேட்டை

ஒருவர் தாராபுரம், இன்னொருவர் உங்கள் பக்கத்து வல்லகுண்டாபுரம். நானோ இரண்டு ஊருக்கும் பஸ்ஸில் போய்வர வேண்டியவன். அதிலும் டிக்கெட் கொடுப்பவர் நீங்கள். அடுத்த கேள்வி?