பக்கவாட்டில் நிற்கும் காட்டுமாடு

அன்புள்ள ஐயா,

கோடை விடுமுறைக்குக் குடும்பத்தோடு கொடைக்கானல் போயிருந்தோம். நாங்கள் தங்கிய விடுதிக்கு எதிரே மாலை ஆறு மணி வாக்கில் காட்டெருமைக் கூட்டம் ஒன்று வந்து மேய்ந்தது. ஏழெட்டு இருக்கும், ஒரு கன்றும் உண்டு. சற்றுத் தள்ளி ஒரு பெரிய காளை தனியாக நின்றது. என் மைத்துனர் செல்போனை எடுத்துக்கொண்டு அதன் கிட்டத்தில் போய்விட்டார். அது ஓடவும் இல்லை, முட்டவும் வரவில்லை. உடம்பைப் பக்கவாட்டில் திருப்பிக்கொண்டு அசையாமல் நின்றது. "பாரு, போஸ் கொடுக்குது" என்றார். காவலாளியும் "அது ஒண்ணும் பண்ணாதுங்க" என்றார். மறுநாள் காலை அதே கூட்டம் குப்பைத்தொட்டியைக் கிளறிக்கொண்டிருந்ததைப் பார்த்தபோது மனசு கஷ்டமாகிவிட்டது.

காட்டில் தின்ன ஒன்றும் இல்லாமல்தானே இவை ஊருக்குள் வருகின்றன? பிடித்துக்கொண்டுபோய் முதுமலை மாதிரி பெரிய காட்டில் விட்டால் என்ன? மக்களுக்குப் பயமில்லை, மாடுகளுக்கும் வயிறு நிறையும் இல்லையா?

சு., திண்டுக்கல்

அன்புள்ள சு.,

உங்கள் மைத்துனர் முழுசாக ஊர் திரும்பியது பற்றி மகிழ்ச்சி. அவருக்குக் கிடைத்தது போஸ் இல்லை, எச்சரிக்கை. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன், அவர் மறுபடியும் கொடைக்கானல் போகக்கூடும்.

நீங்கள் காட்டெருமை என்று எழுதியதைத்தான் நான் காட்டுமாடு என்கிறேன். வளர்ந்த காட்டுமாட்டுக் காளை ஒரு டன் எடை வரை வரும். அப்படி இரண்டு உடம்புகள் மோதிக்கொண்டால் ஜெயித்ததற்கும் காயம்தான். அதனால் காளைகள் சண்டையைக் கூடியவரை தள்ளிப்போடும். ஒன்றுக்கு ஒன்று பக்கவாட்டில் திரும்பி நின்று, தோளுக்கு மேல் எழும் அந்தத் திமில்மேட்டையும் கழுத்துக்குக் கீழே தொங்கும் அலைதாடியையும் முழுசாகக் காட்டும். மெதுவாக, விறைப்பாக, ஒன்றையொன்று சுற்றி நடக்கும். சிறியது தன் அளவைப் புரிந்துகொண்டு விலகிவிடும். பெரும்பாலான தகராறுகள் அதோடு முடிந்துவிடுகின்றன. உங்கள் மைத்துனருக்குக் காட்டியதும் அதே காட்சிதான். "என் அளவைப் பார்த்துக்கொள், நகர்" என்று அது சொன்னது, இவர் நகராமல் படம் எடுத்தார். அதற்கு மேலும் நெருங்கியிருந்தால் மூக்கால் சீறும், தலையைத் தாழ்த்தி உதறும். அதற்கப்புறம் பின்வாங்க நமக்கு நேரம் இருக்காது.

காவலாளி சொன்னதும் முழுப் பொய் இல்லை. நூற்றுக்குத் தொண்ணூறு முறை அது ஒன்றும் பண்ணாது, தானாக விலகிப் போய்விடும். ஆனால் கொடைக்கானலிலும் நீலகிரியிலும் காட்டுமாடு முட்டிச் செத்தவர்கள் இருக்கிறார்கள். அனேகமாக மூடுபனியிலோ இருட்டிலோ புதர் மறைவிலோ, இரண்டு பேரும் எதிர்பாராமல் கைக்கெட்டும் தூரத்தில் சந்தித்துக்கொள்ளும் இடங்கள். நாய் துரத்திக்கொண்டு வர, மிரண்டு ஓடும் மாட்டின் வழியில் ஆள் நிற்பதும் உண்டு. கன்றோடு இருக்கும் பசு இன்னும் ஆபத்து. நாற்பது மீட்டராவது தள்ளி நிற்பது நல்லது. எதிரே வந்துவிட்டால் ஓடாமல், முதுகைக் காட்டாமல், மெல்லப் பின்னோக்கி நகர வேண்டும். வண்டியில் இருந்தால் ஹாரன் அடிக்கக் கூடாது.

கூட்டமும் தனிக்காளையும் ஏன் பிரிந்து நின்றன என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்லிவிடுகிறேன். கூட்டம் என்பது பசுக்களும் கன்றுகளும் இளசுகளும். எங்கே மேய்வது, எப்போது தண்ணீருக்குப் போவது என்பதில் வயதான பசுவின் பின்னால்தான் மற்றவை போகும். பெரிய காளைகள் வருடத்தில் பாதிக்கு மேல் தனியாகத் திரியும், இனப்பெருக்கக் காலத்தில்தான் கூட்டத்தோடு சேரும். அப்போது அவை எழுப்பும் குரல் ஒரு மலைச்சரிவிலிருந்து எதிர்ச்சரிவுக்குக் கேட்கும். திருமுருகாற்றுப்படையின் கடைசி வரிகளில் "ஆமா நல்லேறு சிலைப்ப" என்று வருகிறதே, ஆமா என்றால் காட்டுமாடு, சிலைப்ப என்றால் முழங்க, அந்த ஏறு இதுதான். அருவிச் சத்தத்துக்கு நடுவே அந்தக் குரலை நக்கீரர் வைத்திருப்பது சும்மா அலங்காரம் என்று எனக்குத் தோன்றவில்லை.

சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். காட்டில் ஒன்றும் இல்லாமல் வருகின்றன என்று எல்லோரும் சொல்கிறார்கள், செய்தித்தாள்களும் அப்படித்தான் எழுதுகின்றன. நான் அதை அப்படியே ஏற்க மாட்டேன். நீங்கள் பார்த்த மாடுகள் எலும்பும் தோலுமாகவா இருந்தன? கொடைக்கானலில் நான் பார்த்தவை எல்லாம் பளபளவென்று, பின்தொடை உருண்டு இருந்தவை. பட்டினி கிடக்கும் பிராணிக்கு அந்த மினுமினுப்பு வராது. ஊருக்குள் நல்ல மேய்ச்சல் இருக்கிறது, அதனால் வருகின்றன.

காட்டுமாடு புல்லும் தின்னும், தழையும் தின்னும், மூங்கில் இலை, இளங்கொழுந்து, சில மரங்களின் பட்டை வரை போகும். ஆனால் அதன் மனசு இருப்பது இளம்புல்லில். முதுமலை போன்ற இலையுதிர் காடுகளில் ஜனவரிக்கு அப்புறம் புல் காய்ந்து வைக்கோல் ஆகிவிடும். அப்போது மாடுகள் நீர் கசியும் பள்ளங்களை, கூடலூர்ப் பக்கம் 'வயல்' என்கிற சதுப்புப் புல்வெளிகளைத் தேடிப் போகும். கோடை மழை விழுந்து புதுப்புல் தலைகாட்டியதும் கூட்டங்கள் மறுபடி பரவும். ஈரமும் இளம்புல்லும் எங்கே இருக்கிறதோ அங்கே என்று வருடம் முழுக்க இடம் மாறிக்கொண்டே இருப்பதுதான் அதன் பிழைப்பு.

இப்போது அதன் கண்ணால் கொடைக்கானலைப் பாருங்கள். ஏப்ரல் மாதத்திலும் தண்ணீர் தெளிக்கப்படும் விடுதிப் புல்தரைகள், கோல்ஃப் மைதானம், சுவரில்லாத பங்களாத் தோட்டங்கள், காரட் பாத்திகள். பகலில் படுத்து அசைபோட ஊரை ஒட்டியே மரத்தோப்புகள். மனித நடமாட்டம் உள்ள இடத்தைப் புலியும் செந்நாயும் கூடியவரை தவிர்ப்பதால் கன்றுக்கும் பயமில்லை. குன்னூரிலும் கோத்தகிரியிலும் இதே கதைதான். அங்கே தேயிலைத் தோட்டம். தேயிலை அதற்குத் தீனி இல்லை, வரிசைகளுக்கு இடையே முளைக்கும் புல்லும் களையும்தான் தீனி. நான் காட்டுமாடாக இருந்தால் நானும் விடுதிக்கு எதிரேதான் மேய்வேன்.

உங்கள் பேச்சில் உண்மை இருக்கும் இடம் வேறு. பழனி மலையின் மேல்மட்டம் ஒரு காலத்தில் பெரும்பாலும் புல்வெளி, மடிப்புகளில் சோலைக்காடு. புல்வெளியை 'வெற்று நிலம்' என்று நினைத்து வாட்டில் (சீகை மரம்), யூக்கலிப்டஸ், பைன் என்று வெளிநாட்டு மரங்களை நட்டார்கள், தோல் பதனிட, விறகுக்கு, அப்புறம் ஆலைகளுக்கு மரக்கூழ் செய்ய. மிச்சத்தில் விவசாயம். 1973க்கும் 2014க்கும் இடைப்பட்ட செயற்கைக்கோள் படங்களை வைத்துச் செய்த ஆய்வு ஒன்று பழனி மலையின் மேட்டுப் புல்வெளியில் மூன்றில் இரண்டு பங்கு போய்விட்டது என்று கணக்கிட்டது. வாட்டில் தோப்புக்குள் போய்ப் பாருங்கள், தூரத்திலிருந்து பச்சைப்பசேல் என்று தெரியும், காலடியில் மாட்டுக்கு ஒரு வாய் புல் தேறாது. கொடைக்கானல் ஏரிகூட, 1863இல் மதுரை கலெக்டராக இருந்த வியர் லெவிஞ்ச் அணைபோட்டுத் தேக்குவதற்கு முன்னால் சதுப்புப் பள்ளத்தாக்குதான். மாட்டுக்கு வேண்டிய ஈரப்புல் நிலத்தை எல்லாம் நாம் ஏரியாக, தோப்பாக, பாத்தியாக மாற்றிவிட்டோம். பிறகு புல்தரையை நம் வாசலில் வளர்த்தோம். ஊரைச் சுற்றி உள்ள காடு 2013இல் கொடைக்கானல் வனவிலங்கு சரணாலயம் ஆனது. எல்லைக்கோடு வரைபடத்தில் இருக்கிறது, புல்லில் இல்லை.

'எங்க காலத்துல ஊருக்குள்ள இதுங்களைப் பார்த்ததே இல்லை' என்று கொடைக்கானல் பெரியவர்கள் சொல்வார்கள். அவர்கள் சொல்வது சரிதான், அப்போது மாடே குறைவு. வெள்ளைக்காரத் துரைகளுக்கும் நம்மூர் ஜமீன்தார்களுக்கும் இதன் தலையைச் சுவரில் மாட்டுவது ஒரு பெருமை. துப்பாக்கி போதாதென்று நோயும் வந்தது. ஊர் மாடுகளிடமிருந்து காட்டுக்குள் புகுந்த வெக்கை நோய் (ரிண்டர்பெஸ்ட்) 1968இல் முதுமலை, பந்திப்பூர் காடுகளில் காட்டுமாடுகளைக் கொத்துக்கொத்தாகக் கொன்றது. இதைப் பற்றி இன்று யாரும் பேசுவதில்லை. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையை நிறுத்தியது பற்றித்தான் பேசுகிறோம். அதே அளவு புண்ணியம் ஊர் ஊராகப் போய்ப் பசுக்களுக்கு வெக்கைத் தடுப்பூசி போட்ட கால்நடை மருத்துவர்களுக்கும் சேர வேண்டும். 2011இல் அந்த நோய் உலகத்திலிருந்தே ஒழிந்தது என்று அறிவித்தார்கள். பெரியம்மைக்கு அடுத்து மனிதன் முற்றாக ஒழித்த நோய் அது ஒன்றுதான். சுடுவதும் நின்று நோயும் நின்றால் மாடு பெருகத்தானே செய்யும்.

பெருகாமல் போன இடங்களும் உண்டு. இலங்கையில் கண்டி அரசனிடம் சிறைப்பட்டிருந்த ராபர்ட் நாக்ஸ், 1681இல் வெளிவந்த தன் நூலில், அரசன் வளர்த்த முழங்கால்வரை வெள்ளை ஓடிய மாடு ஒன்றைப் பற்றி எழுதியிருக்கிறார். வர்ணனையைப் படித்தால் நம் காட்டுமாடுதான் என்று தோன்றும். இன்று அந்தத் தீவில் ஒன்றுகூட இல்லை.

பிடித்துக்கொண்டுபோய் விடும் யோசனையை எடுத்த எடுப்பில் மறுக்க மாட்டேன், நம் நாட்டிலேயே செய்திருக்கிறார்கள். மத்தியப் பிரதேசத்தின் பாந்தவ்கரில் 1990களில் காட்டுமாடு அற்றுப்போனது. 2011இல் கன்ஹா காட்டிலிருந்து 19 மாடுகளை மயக்க ஊசி போட்டுப் பிடித்து, லாரியில் ஏற்றிக்கொண்டுபோய் அங்கே விட்டார்கள். அடுத்த வருடம் இன்னும் 31. அவை அங்கே நிலைத்துக் கன்றும் போட்டன. ஆனால் அந்த வேலையை நினைத்துப் பாருங்கள். அசைபோடும் பிராணியை மயக்கிப் படுக்கவைப்பதே ஆபத்து. ஒருக்களித்து விழுந்தால் வயிற்றில் வாயு சேர்ந்து உப்பும், இரைப்பையில் இருப்பது மேலேறி மூச்சுக்குழாயில் புகும். நெஞ்சின்மேல் அமரவைத்துத் தாங்கிப் பிடிக்க ஆள் வேண்டும், உடம்புச் சூடு ஏறாமல் தண்ணீர் ஊற்ற வேண்டும், ஒரு டன்னைத் தூக்க இயந்திரம் வேண்டும். விடுதிகளுக்கும் மலைச்சரிவுகளுக்கும் நடுவே, வேடிக்கை பார்க்க நூறு பேர் நிற்க, இதைச் செய்ய வேண்டும்.

அதையும் செய்துவிட்டோம் என்றே வையுங்கள். பாந்தவ்கரில் மாடு இல்லை, இடம் காலியாக இருந்தது. முதுமலையில் அப்படி இல்லை. அங்கே ஏற்கெனவே காட்டுமாடு இருக்கிறது, யானை, புள்ளிமான், கடமான் இருக்கின்றன, கோடையில் எல்லாவற்றுக்கும் புல் இழுபறிதான். போதாததற்கு உண்ணிச்செடி காட்டுக்குள் பரவி புல் வளரும் இடத்தைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. இரண்டாயிரம் மீட்டர் உயரக் குளிரில், புலியை அறியாமல் வளர்ந்த கன்றுகளை அந்தக் காய்ந்த காட்டில் இறக்கிவிடுவது கருணையா என்று எனக்குத் தெரியவில்லை. இங்கே கொடைக்கானல் புல்தரையும் அப்படியே இருக்கும். பக்கத்துச் சரிவிலிருந்து அடுத்த கூட்டம் வந்துவிடும், இரண்டு பருவம்கூட ஆகாது.

செய்ய வேண்டியது மேலே, மலையில் இருக்கிறது. வாட்டில் தோப்புகளைப் பகுதி பகுதியாக எடுத்துப் புல்வெளியை மீட்பது. இதிலும் அவசரம் கூடாது. வாட்டில் விதை மண்ணுக்குள் பல பத்தாண்டுகள் உயிரோடு கிடக்கும், மரத்தை வெட்டி வெயில் பட்டதும் கம்பளி விரித்தது மாதிரி கன்றுகள் எழும்பும். வருடா வருடம் பிடுங்க ஆளும் பணமும் இல்லாமல் வெட்டுவது வீண். பழைய தோப்புகள் சிலவற்றில் நிழலடியில் சோலை மரக்கன்றுகள் வந்திருக்கின்றன, அவற்றைத் தொடக் கூடாது. நீதிமன்ற உத்தரவு வந்துவிட்டது என்று எல்லா அந்நிய மரத்தையும் ஒரே மூச்சில் சாய்க்க வேண்டும் என்பவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை.

குப்பைத்தொட்டி விஷயத்தில் உங்கள் வருத்தம் நியாயம். பிளாஸ்டிக் மட்டும் பிரச்சினை இல்லை. மாட்டுப்பொங்கலன்று பாசத்தில் சோறும் பொங்கலும் அள்ளிக் கொடுத்து, மறுநாள் மாடு வயிறு உப்பிப் படுத்துவிட்டது என்று கால்நடை மருத்துவரைத் தேடி ஓடுபவர்களை உங்கள் ஊர்ப்பக்கம் பார்த்திருப்பீர்கள். மாவுச்சத்து ஒரேயடியாக உள்ளே போனால் அசைபோடும் வயிறு புளித்து அமிலமாகிவிடும். விடுதிக் கழிவில் கிடக்கும் சோறு காட்டுமாட்டுக்கும் அதையே செய்யும், அதைத் தூக்கிக்கொண்டு மருத்துவரிடம் போக ஆளில்லை. மூடியுள்ள, கொம்பால் கவிழ்க்க முடியாத தொட்டி வைக்கும்படி நீங்கள் தங்கிய விடுதிக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். எனக்கு எழுதியதைவிட அதற்குப் பலன் அதிகம்.

காட்டுமாட்டை அதன் இடத்தில் பார்க்க வேண்டுமானால் பொள்ளாச்சி, சேத்துமடை வழியாக டாப்ஸ்லிப் போய் அங்கிருந்து பரம்பிக்குளம் போங்கள். காலையில் சீக்கிரம் கிளம்ப வேண்டும், வெயில் ஏறினால் அவை நிழலுக்குள் போய்விடும். வனத்துறை வண்டியை விட்டு இறங்க விடமாட்டார்கள், மைத்துனரையும் தாராளமாக அழைத்துப் போகலாம்.

அன்புடன்.