பினாங்கில் பிள்ளைக்கு மென்று தின்னும் வைட்டமின் சி வாங்கும்போது லேபிளில் எதைப் பார்ப்பது?

முதலில் டப்பாவில் ‘எம்ஏஎல்’ (MAL) என்று தொடங்கும் மலேசிய அரசின் மருந்துப் பதிவு எண்ணும் ஹோலோகிராம் முத்திரையும் உண்டா பாருங்கள். இல்லையென்றால் எவ்வளவு மலிவானாலும் வேண்டாம்.

புளிப்பைக் குறைக்க, வைட்டமின் சி-யின் உப்பு வடிவமான சோடியம் அஸ்கார்பேட் சேர்ப்பார்கள். அது ஏறக்குறைய 562 மில்லிகிராம் இருந்தால்தான் 500 மில்லிகிராம் வைட்டமின் சி கிடைக்கும். வெறும் அஸ்கார்பிக் அமிலம், அதாவது புளிப்பான வைட்டமின் சி, பல்லை அரிக்கும். மென்றதும் வாய் கொப்பளிக்க வேண்டும். 4 முதல் 8 வயது வரை, சாப்பாட்டில் கிடைப்பதையும் சேர்த்து நாளுக்கு 650 மில்லிகிராம் வைட்டமின் சி-தான் உச்சவரம்பு.

‘சர்க்கரை இல்லை’ என்றால் பெரும்பாலும் சார்பிட்டாலோ வேறு இனிப்பூட்டியோ இருக்கும். மிட்டாய் மாதிரி அள்ளித் தின்றால் சார்பிட்டால் வயிற்றைக் கலக்கிவிடும்.

‘கம்மி’ (gummy) எனும் மெதுமிட்டாய் வகையில், மாடு, பன்றி போன்றவற்றின் தோல், எலும்பிலிருந்து எடுக்கும் ஜெலட்டினைக் கவனியுங்கள். ஹலால் முத்திரை பன்றியை விலக்கும், மாட்டை அல்ல! சைவக்காரர்கள் பெக்டின் (பழங்களிலிருந்து எடுப்பது) என்று போட்டதை எடுக்கலாம். அப்போதும் மேற்பூச்சில் ஷெல்லாக் இருக்கிறதா பாருங்கள், அது அரக்குப்பூச்சியிலிருந்து வருவது.