ரேடியேஷனை நிறுத்திவிட்டுத் தேனா?

கேள்வி: என் அண்ணனுக்கு அடிநாக்கில் புற்றுநோய். ரேடியேஷன் நடக்கிறது. மூன்றாவது வாரத்திலேயே வாயெல்லாம் வெந்துபோய் எச்சில்கூட விழுங்க முடியவில்லை. தேன், கற்றாழை, வைட்டமின் ஈ மாத்திரை என்று ஆளுக்கொன்று சொல்கிறார்கள். டாக்டரிடம் சொன்னால் திட்டுவார் என்று எதையும் சொல்லவில்லை. இரண்டு வாரம் ரேடியேஷனை நிறுத்தி, இயற்கை வைத்தியத்தில் புண்ணை ஆற்றிக்கொண்டு பிறகு தொடரலாமா?
— ஒரு வாசகி

பதில்: கடைசியாகக் கேட்டதற்கு முதலில் பதில் சொல்கிறேன். நீங்களாக நிறுத்தக் கூடாது, ஒரு நாள்கூட.

இந்த இடத்துப் புற்றுக்கு ரேடியேஷன் மட்டுமோ, கீமோவும் சேர்த்தோ கொடுக்கும்போது, வழக்கமாக ஒரு நாளைக்கு 2 கிரே (கதிரின் அளவைக் குறிக்கும் அலகு), வாரத்துக்கு 5 நாள், மொத்தம் 35 முறை என்று 7 வாரத்தில் 70 கிரே வரை கொடுப்பார்கள். மொத்த அளவைப் போலவே அதை எத்தனை நாளுக்குள் கொடுத்து முடிக்கிறார்கள் என்பதும் சிகிச்சையின் பகுதிதான். மூன்று நான்கு வாரம் ஆனதும் மிச்சமிருக்கும் புற்று செல்கள் வேகமாகப் பெருகத் தொடங்கும். அண்ணன் இப்போது சரியாக அந்தக் கட்டத்தை நெருங்குகிறார். இயந்திரக் கோளாறால் ஒரு நாள் தவறினால்கூட, சனிக்கிழமை வரச்சொல்லியோ ஒரே நாளில் இரண்டு முறை கொடுத்தோ அதை ஈடுகட்டுகிறார்கள் என்றால் காரணம் இதுதான். நீங்கள் இரண்டு வாரம் என்கிறீர்கள்!

வாயின் உள்தோல் ஒன்று இரண்டு வாரத்துக்கு ஒருமுறை புதிதாகிக்கொண்டே இருப்பது. கதிர் அந்தப் புதுப்பிப்பைத் தடுப்பதால்தான் இரண்டாம் மூன்றாம் வாரத்தில் புண் வருகிறது. சிகிச்சை முடிந்து பொதுவாக இரண்டிலிருந்து நான்கு வாரத்தில் ஆறும், சிலருக்கு இன்னும் கொஞ்ச நாள் ஆகும். அதற்கு முன்பே முழுசாக ஆற்றிக் காட்டுகிறேன் என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள்.

சரி, தேன். அதை நான் ஒதுக்கவில்லை. 2003-இல் மலேசியாவில் 40 நோயாளிகளிடம் செய்த ஆய்வில், ரேடியேஷனுக்கு 15 நிமிடம் முன்பு, 15 நிமிடம் பின்பு, ஆறு மணி நேரம் கழித்து என்று 20 மில்லி தேனை வாயில் சுழற்றி மெல்ல விழுங்கியவர்களுக்குக் கடுமையான புண் குறைவாகவே வந்தது. பிரிட்டனில் மனுகா தேனை (நியூசிலாந்தின் மனுகா பூவிலிருந்து கிடைப்பது) சர்க்கரைப் பாகோடு ஒப்பிட்டுப் பார்த்தபோது வித்தியாசமே தெரியவில்லை. எல்லா ஆய்வுகளையும் சேர்த்துப் பார்த்த 2020-ஆம் ஆண்டின் சர்வதேச வழிகாட்டுதல், புண் வராமல் தடுக்கத் தேனைப் பயன்படுத்தலாம் என்கிறது. தடுக்க என்பதைக் கவனியுங்கள், வந்த புண்ணை ஆற்ற அல்ல. அண்ணனுக்குச் சர்க்கரை நோய் இருந்தாலோ, கீமோவால் வெள்ளணுக்கள் குறைந்திருந்தாலோ மருத்துவர் வேண்டாம் என்று சொல்லக்கூடும். அப்புறம், எச்சில் வற்றிய வாயில் தேன் தங்கினால் பல் சொத்தையாகும்.

கற்றாழைச் சாற்றைக் கொப்பளித்துப் பார்த்த ஆய்வில் தெளிவான பலன் கிடைக்கவில்லை.

என்னைப் பதறவைத்தது வைட்டமின் ஈ மாத்திரைதான். கனடாவின் கியூபெக்கில் 540 தலை, கழுத்துப் புற்று நோயாளிகளை வைத்துச் செய்த ஆய்வின் முடிவுகள் 2005-இல் வந்தன. அதிக அளவில் இந்த மாத்திரை சாப்பிட்டவர்களுக்கு, அதைச் சாப்பிட்ட காலத்தில் இரண்டாவதாக ஒரு புற்று வருவது அதிகமாக இருந்தது. அண்ணன் அதைச் சாப்பிடத் தொடங்கியிருந்தால் உடனே நிறுத்துங்கள்.

வீட்டிலேயே தைரியமாகச் செய்யக்கூடியது எளிமையானது. ஒரு லிட்டர் வெதுவெதுப்பான நீரில் ஒரு டீஸ்பூன் உப்பு, ஒரு டீஸ்பூன் சமையல் சோடா கலந்து இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை கொப்பளித்துத் துப்பட்டும். புண்ணை இது ஆற்றாது, வாயைச் சுத்தமாக வைத்து எரிச்சலைத் தணிக்கும். ஆல்கஹால் கலந்த மவுத்வாஷ், காரம், புளிப்பு, புகை எதுவும் கூடாது.

மருத்துவர் திட்டுவார் என்கிறீர்களே, எச்சில்கூட விழுங்க முடியாத வலி என்று தெரியாமல் அவர் எப்படி வலி மருந்து தருவார்? மரத்துப்போகச் செய்யும் மருந்து, தேவைப்பட்டால் மார்ஃபின் வரை அவரிடம் வழி இருக்கிறது. வாயில் வெள்ளைத் திட்டு தெரிந்தால் அது பூஞ்சையாக இருக்கலாம், அதற்கு மருந்தே வேறு. தண்ணீர்கூட இறங்கவில்லை, எடை குறைகிறது என்றால் மூக்கு வழியாகவோ வயிற்றிலோ குழாய் வைத்து உணவு கொடுத்து, ரேடியேஷனை விடாமல் முடிக்க வைப்பார்கள். காய்ச்சல் 38 டிகிரி செல்சியஸைத் தொட்டால் அடுத்த முறைவரை காத்திருக்காமல் அன்றைக்கே போங்கள்.

அடுத்த முறை ரேடியேஷனுக்குப் போகும்போது தேன் பாட்டில், மாத்திரை அட்டை எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு எடுத்துச் சென்று மருத்துவரின் மேசையில் வையுங்கள். அண்ணனால் பேச முடியாவிட்டால் நீங்களே எல்லாவற்றையும் சொல்லுங்கள்.