முன் கண்ணாடியும் டேஷ்போர்டு பேடும்: பழைய கார் கேள்வி – பதில்

கேள்வி: என்னிடம் இருப்பது 1971 ஃபோக்ஸ்வேகன் பீட்டில். டேஷ்போர்டு பேடில் (டேஷ்போர்டின் மேலிருக்கும் மெத்தை போன்ற உறையில்) மூன்று இடத்தில் வெடிப்பு. முன் கண்ணாடி ரப்பரும் கட்டை போல இறுகிவிட்டது. செலவைப் பிரிக்க, பேடை இப்போதும் கண்ணாடியைச் சில மாதம் கழித்தும் மாற்றலாமா? – வாசகர், கோவை

பிரிக்காதீர்கள். இரண்டையும் ஒரே தடவையில் முடிப்பதுதான் உங்களுக்கு லாபம். பேடின் முன் விளிம்பு கண்ணாடி ரப்பரை ஒட்டியே போகிறது. கண்ணாடி இருக்கும்போது பேடை நெம்பி எடுத்தால் பழைய ரப்பரின் உள் உதடு கிழியும். புதுப் பேடை அந்த ஒடுக்கமான மூலையில் திணிக்கும்போது அதுவும் மடிந்து தழும்பாகிவிடும். கண்ணாடி வெளியே வந்துவிட்டால் எல்லா இடத்துக்கும் கை தாராளமாகப் போகும்.

வரிசை இதுதான். முதலில் பேட்டரி இணைப்பைக் கழற்றுங்கள். பீட்டிலில் பேட்டரி பின் சீட்டுக்கு அடியில் இருக்கிறது. முன் டிக்கியில் பெட்ரோல் டாங்க் இருப்பதால், டேஷ்போர்டுக்குப் பின்னால் ஒரு தீப்பொறிகூடப் பறக்கக் கூடாது. அடுத்து வைப்பர் கைகள், பிறகு கண்ணாடி. ரப்பரை எப்படியும் தூக்கிப் போடப் போகிறீர்கள், ஆகவே வெளி உதட்டை பிளேடால் சுற்றிலும் அறுத்துவிட்டுக் கண்ணாடியை மெல்ல வெளியே தள்ளுங்கள். ரப்பரைக் காப்பாற்ற நினைத்து ஸ்க்ரூ டிரைவரால் நெம்பும்போதுதான் கண்ணாடி உடைகிறது.

பேடைப் பிடித்திருக்கும் நட்டுகள் முன் டிக்கியின் உள் அட்டையை எடுத்தால் தென்படும். காற்றுக் குழாய்கள் குறுக்கே வந்தால் கழற்றி, எது எங்கே என்று டேப் ஒட்டிக் குறித்துவையுங்கள். துரு இளக்கும் எண்ணெயை நட்டுகளில் முந்தைய நாளே விட்டுவிட வேண்டும். இல்லாவிட்டால் நட்டைத் திருகும்போது போல்ட்டும் பேடின் உள்ளேயே சேர்ந்து சுழலும். புதுப் பேட் பெட்டியில் மடங்கிக் கிடந்து கோணியிருக்கும். அரை மணி நேரம் வெயிலில் விரித்துப் போட்டு, பசை எதுவும் இல்லாமல் ஒருமுறை வைத்துப் பாருங்கள். எல்லா நட்டையும் இரண்டு சுற்று பிடிக்க வைத்த பிறகே நடுவிலிருந்து ஓரமாக இறுக்குங்கள். பேட் உட்கார்ந்த பிறகுதான் கண்ணாடி.

கண்ணாடி வாங்கும்போது வருடத்தைச் சொல்லி வாங்குங்கள். 1965 மாடலிலிருந்து பீட்டிலின் முன் கண்ணாடி பெரிதானது, அதற்கு முந்தையது உங்கள் காருக்குச் சிறியது. 1303 மாடலின் நன்றாக வளைந்த கண்ணாடியும் பொருந்தாது, மேற்கூரை மடங்கும் கன்வெர்ட்டிபிளின் கண்ணாடியும் பொருந்தாது. அலுமினியப் பட்டை உள்ள டீலக்ஸ் வண்டியாக இருந்தால், கண்ணாடியை ரப்பருக்குள் பொருத்தியதும் மேசைமேல் வைத்தே பட்டையை ஏற்றிவிட வேண்டும். வண்டியில் மாட்டிய பிறகு அது உள்ளே போகாது.

கேள்வி: பிரீமியர் பத்மினிக்குப் புது ரப்பர் பீடிங் வாங்கிவிட்டேன். கண்ணாடியைக் கயிறு வைத்து ஏற்றுவார்கள் என்கிறார்களே, அது எப்படி? – வாசகர், மதுரை

பத்மினியிலும் அம்பாசடரிலும் முன் கண்ணாடியைப் பிடித்திருப்பது ரப்பர்தான், பசை இல்லை. அதனால் இரண்டு பேர் சேர்ந்தால் வீட்டு வாசலிலேயே செய்யலாம்.

ரப்பரைக் கண்ணாடியைச் சுற்றி மாட்டுங்கள். மீட்டர் கணக்கில் வெட்டி வாங்கியதாக இருந்தால் 1 முதல் 2 செ.மீ. கூடுதலாக வைத்து வெட்டி, அழுத்திச் சேருங்கள். சரியான அளவுக்கு வெட்டினால் ஒரு கோடையிலேயே இணைப்பு வாய் பிளக்கும். பிறகு வண்டியின் கண்ணாடிச் சட்டத்துத் தகடு விளிம்பு நுழைய வேண்டிய பள்ளத்தில் 4 மி.மீ. வழவழப்பான நைலான் கயிற்றைச் சுற்றிலும் பதியுங்கள். கண்ணாடியின் சுற்றளவோடு 60 செ.மீ. கூட்டினால் கயிறு போதும். இரு முனைகளும் கீழ் நடுவில் ஒன்றையொன்று தாண்டி வண்டியின் உள்பக்கம் தொங்க வேண்டும்.

வழுக்குவதற்குப் பாத்திரம் கழுவும் சோப்புத் தண்ணீர் மட்டும் போதும். கிரீஸோ இன்ஜின் ஆயிலோ தடவினால் ரப்பர் ஊதிப்போகும். ஒருவர் வெளியே நின்று உள்ளங்கையால் கண்ணாடியை அழுத்திக்கொண்டே இருக்க, மற்றவர் உள்ளேயிருந்து கயிற்றை வண்டியின் நடுவை நோக்கி இழுக்க வேண்டும். கயிறு வெளியே வர வர, ரப்பரின் உதடு தகட்டு விளிம்பின் மேல் ஏறி 'சப்'பென்று விழும். கீழ்ப்பக்கம், கீழ் மூலைகள், இரு பக்கங்கள், கடைசியாக மேல் என்று போங்கள். வெளியில் அழுத்துபவரின் கை, கயிறு இழுபடும் இடத்துக்கு நேர் எதிரே இருக்க வேண்டும். எங்காவது கயிறு இறுகி நின்றால் பலத்தைக் கூட்டாதீர்கள். சோப்புத் தண்ணீர் விட்டு, ஒரு சாண் பின்வாங்கி மறுபடி இழுங்கள். ரப்பரில் தனியாக லாக் பீடிங் (ரப்பரை இறுக்கிப் பிடிக்கப் பள்ளத்தில் செருகும் பட்டை) இருந்தால் அது எல்லாம் உட்கார்ந்த பிறகு கடைசியில்.

கேள்வி: புதுக் கண்ணாடி மாட்டி ஒரு வாரம்கூட ஆகவில்லை. நிறுத்தியிருந்த வண்டியில் தானாகக் கீறல் ஓடியிருக்கிறது. கண்ணாடி மட்டமானதா? – வாசகர், சேலம்

கீறலின் மேல் நகத்தை ஓட்டிப் பாருங்கள். கல் பட்டதென்றால் எங்காவது ஒரு சிறு குழியில் நகம் தட்டும். குழியே இல்லாமல், கீறல் ரப்பருக்குள்ளிருந்து கிளம்பி வந்திருந்தால் கண்ணாடியைவிட அது உட்காரும் தகட்டைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். டிங்கரிங் செய்யும்போது அந்த விளிம்பில் பட்டியை மேடாக விட்டுவிடுகிறார்கள், அல்லது வெல்டிங் பொட்டை அரைக்காமல் விடுகிறார்கள். அந்த ஒரு புள்ளியில் கண்ணாடி எப்போதும் வளைந்த நிலையில் நிற்கிறது. மதிய வெயிலும் இரவுக் குளிரும் இரண்டு முறை மாறினால் போதும்.

கண்ணாடியைக் கழற்றி, கீறல் தொடங்கிய இடத்துக்கு நேரே தகட்டைத் தடவிப் பாருங்கள். மேடு கைக்குத் தெரியும். அதைச் சரிசெய்யாமல் இன்னொரு கண்ணாடி மாட்டினால் அதுவும் அதே இடத்தில்தான் போகும். அந்த விளிம்பில் பட்டியே வேண்டாம். துருவைக் கம்பி பிரஷ்ஷால் வெறும் தகடு வரை சுரண்டி, ஓட்டை இருந்தால் தகடு வெட்டி வெல்ட் வைத்து அரைத்து, எபாக்சி பிரைமரும் பெயின்டும் மெல்லிசாக அடித்து நன்றாகக் காயவிட்ட பிறகே ரப்பர் ஏறலாம்.

கேள்வி: என் காருக்குப் பேட் எங்கும் கிடைக்கவில்லை. குஷன் கடையில் ரெக்ஸின் ஒட்டித் தருவதாகச் சொல்கிறார்கள். நிற்குமா? – வாசகர், திருச்சி

பழைய பேடைத் தயார் செய்யும் விதத்தில்தான் இருக்கிறது. மேல்தோல் பிவிசி. அதை வளையும்படி வைத்திருக்கும் எண்ணெய்ப் பொருள் வெயிலில் மெல்ல வெளியேறுகிறது. கண்ணாடியின் உள்பக்கம் விரலால் கோடு போடும் அளவுக்குப் படிகிறதே ஒரு பிசுக்கு, பெரும்பாலும் அதுதான். எண்ணெய் போனதும் தோல் சுருங்கி வெடிக்கிறது, வெடிப்பின் இரு ஓரமும் ஃபோமோடு சேர்ந்து மேலே தூக்குகிறது. அந்தத் தூக்கலின் மேல் அப்படியே ரெக்ஸின் ஒட்டினால் வெடிப்பின் வடிவம் வெளியே தெரியும்.

ஓரங்களை ஒரு விரல் அகலத்துக்குச் சரிவாக வெட்டி எடுத்துவிட்டு, வளைந்துகொடுக்கும் யூரித்தேன் ஃபில்லரால் நிரப்புங்கள். கார் பாடிக்குப் போடும் பட்டி கூடாது. அது கல்லாக இறுகி, பேட் விரியும்போது ஓரத்தில் விட்டுவிடும். 80, 180, 320 எண் உப்புத்தாள்களை வரிசையாகத் தேய்த்துச் சமமாக்குங்கள். ஏற்கெனவே டேஷ்போர்டு பாலிஷ் போட்டிருந்தால் அதன் சிலிகான் எண்ணெயைத் துடைத்தெடுக்காமல் எந்தப் பசையும் பிடிக்காது. பசையும் வெப்பம் தாங்கும் ரகமாக இருக்க வேண்டும். வெயிலில் நிற்கும் காரின் டேஷ்போர்டு 80 டிகிரி செல்சியஸைத் தொடும், சாதாரண ரப்பர் பசை அங்கே இளகி, உள்வளைவுகளில் ரெக்ஸின் கிளம்பும். நாலாபுறமும் இழுபடும் ரெக்ஸினாகக் கேளுங்கள்.

அடியில் புது ஃபோம் கொடுக்கிறேன் என்றால் கண்ணாடிப் பக்க விளிம்பில் மட்டும் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அங்கே 3 மி.மீ. தடித்தாலும் ரப்பரின் உதடு படியாது.

கேள்வி: மழையில் கால் வைக்கும் இடத்தில் தண்ணீர் தேங்குகிறது. கண்ணாடி ரப்பரைச் சுற்றி சிலிகான் அடிக்கச் சொல்கிறார்கள். அடிக்கலாமா? – வாசகர், நாகர்கோவில்

வேண்டாம். புளித்த காடி வாசம் அடிக்கும் சிலிகான் காயும்போது அசிட்டிக் அமிலத்தை விடுகிறது. பெயின்ட் போன இடத்தில் அது துருவைக் கிளப்பும். பின்னால் அங்கே பெயின்டும் ஒட்டாது. முதலில் ஒழுக்கு எங்கே என்று பாருங்கள். ஒருவர் உள்ளே டார்ச்சோடு இருக்க, ஹோஸ் தண்ணீரை மெதுவாகக் கீழ் விளிம்பிலிருந்து தொடங்கி மேலே கொண்டு போங்கள். மேலிருந்து ஊற்றினால் எல்லா இடமும் நனைந்து எதுவும் தெரியாது. வைப்பர் தண்டின் ரப்பர் வாஷரையும் பானெட்டுக்குப் பின்னுள்ள காற்றுத் துளையையும் தனியே நனைத்துப் பாருங்கள், பல வண்டிகளில் ஒழுக்கு அங்கேதான். கண்ணாடி ரப்பர்தான் என்று உறுதியானால், காயாமல் மென்மையாகவே இருக்கும் கண்ணாடி மாஸ்டிக்கை உதட்டுக்கு அடியில் செலுத்துங்கள். பிதுங்கி வருவதை மண்ணெண்ணெய் லேசாக நனைத்த துணியால் உடனே துடைத்து, சோப்புத் தண்ணீரால் கழுவிவிடலாம்.

கேள்வி: பழைய கடையில் என் அம்பாசடருக்கு முன் கண்ணாடி மலிவாகக் கிடைக்கிறது. லேமினேட்டடா என்று எப்படித் தெரிந்துகொள்வது? – வாசகர், வேலூர்

கண்ணாடியின் ஓரத்தை நேராகப் பாருங்கள். லேமினேட்டட் என்றால் இரண்டு கண்ணாடிக்கு நடுவே மெல்லிய பிளாஸ்டிக் கோடு ஓடும். போலராய்டு கூலிங் கிளாஸ் போட்டுப் பார்க்கும்போது புள்ளி புள்ளியாகத் திட்டுகள் தெரிந்தால் அது டஃபன்டு, அதாவது சூடாக்கி உறுதியாக்கிய ஒற்றைக் கண்ணாடி. கல் பட்டால் ஒரே நொடியில் மொத்தமும் சிறு கட்டிகளாக நொறுங்கி மடியில் கொட்டும். மலிவாக இருந்தாலும் முன்பக்கத்துக்கு அது வேண்டாம்.