பிளீச்சை மூடி வையுங்கள், ஒரு வாளித் தண்ணீர் போதும்

சகோதரி, ஈப்போவில் இரண்டு வாரம் இருந்துவிட்டு ஜெலுத்தோங் வீட்டுக்குத் திரும்பினால், விருந்தினர் குளியலறையில் சாக்கடை நாற்றம். பிளீச் ஊற்றியும் போகவில்லை என்கிறீர்கள். அழுக்கைவிட வறட்சியின் மேல்தான் எனக்குச் சந்தேகம். தரை வடிகாலுக்குள் எப்போதும் கொஞ்சம் தண்ணீர் தேங்கி நிற்க வேண்டும். சாக்கடைக் காற்றை மேலே வரவிடாமல் அடைப்பது அதுதான். யாரும் குளிக்காத அறையில் அது ஆவியாகிவிடும்.

சல்லடையைத் தூக்கி, கைப்பேசி விளக்கை அடித்துப் பாருங்கள். தண்ணீர் பளபளக்காவிட்டால் காரணம் இதுவே. முடிக்கற்றை சிக்கியிருந்தால் எடுத்துவிட்டு (அருவருப்புதான், கையுறை போட்டுக்கொள்ளுங்கள்) ஒரு வாளித் தண்ணீரை மெதுவாக ஊற்றுங்கள். அடுத்த முறை ஊருக்குக் கிளம்பும்போது அதன்மேல் இரண்டு தேக்கரண்டி சமையல் எண்ணெய் விடுங்கள். எண்ணெய் ஏடுபோல் மிதந்து தண்ணீர் ஆவியாவதைத் தாமதப்படுத்தும்.

வினிகர் ஊற்றச் சொல்லி யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். பிளீச்சுடன் கலந்தால் நச்சு வாயுவான குளோரின் கிளம்பும். அடைத்த குளியலறையில் அது விளையாட்டல்ல.

தண்ணீர் நின்றும் நாற்றம் தொடர்ந்தால் கழிப்பறைக் கோப்பையின் அடிப்பக்க இணைப்பைக் குழாய் வேலைக்காரரிடம் காட்டுங்கள்.